ஜுனைதீனைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

1. மனேஜரின் அறை

"சிவலிங்கம், நீர் கிரிக்கெட் விளையாடின ஆளெல்லே?"

மனேஜர் இப்படிக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் எல்லாம் தொடங்கியது. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் ஆரம்பம். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கொம்பனியில் நான் டலி கிளாக்கராக இருந்தேன். தேயிலைப் பெட்டிகள் கரையிலிருந்து லைட்டர் என்ற தட்டைப் படகுகளில் ஏறி, நடுத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் போகும். ஏறுகிற பெட்டிகளுக்குக் கோடு போடுவது என் வேலை. காலையில் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருவேன். நாள் முழுக்க வெயிலில் நிற்பேன். அந்த வேலையில் ஒருவனை மனேஜர் அறைக்குள் கூப்பிட்டால் அநேகமாக ஏச்சுத்தான் விழும். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஓம் சேர். படிக்கேக்க விளையாடினனான். இப்ப இடைக்கிடை அம்பயரா நிக்கிறனான்."

எங்கள் தலைமை அலுவலகம் கொழும்பில் இருந்தது. அங்கே கொம்பனிகளுக்கிடையில் பெரிய கிரிக்கெட் போட்டி நடக்கும். ஒவ்வொரு கொம்பனியும் கல்லூரியை விட்டு வெளியேறும் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடி எடுத்து, உத்தியோகமும் கொடுத்துத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளும். சனி, ஞாயிறுகளில் விளையாட வேண்டும், மற்ற நாட்களில் மேசை வேலை. எங்கள் கொம்பனிக்கு அந்த வருடம் ஒரு துடுப்பாட்டக்காரர் தேவைப்பட்டார்.

"இஞ்சத்தைக் கல்லூரியில ஒரு பொடியன் நல்லா அடிக்கிறானாம். கிண்ணியாப் பொடியன். பேர் ஜுனைதீன். வாற சனிக்கிழமை யாழ்ப்பாணத்துக் கல்லூரியோட மட்ச் இருக்கு. நீர் போய்ப் பாரும். பாத்து ஒரு றிப்போட் எழுதித் தாரும். ஓட்டத்தை மட்டும் எழுதாதையும். ஆள் எப்பிடி, கொழும்புக்கு வந்து மற்றாக்களோட சேந்து இருப்பானோ, அதுதான் அவைக்கு முக்கியம்."

கொழும்பிலிருந்து வந்த ஒரு படிவத்தையும் என் கையில் தந்தார். கண், கால், மணிக்கட்டு, ஓட்டம், களத்தடுப்பு, உடல்வலு, சுபாவம் என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விரல் அகலத்தில் வெற்றிடம். ஒரு மனிதனை இரண்டு விரல் இடத்துக்குள் எழுதுவது அப்போது எனக்குக் கஷ்டமான காரியமாகத் தோன்றவில்லை.

2. சனிக்கிழமை

மைதானம் கடற்கரைக்குப் பக்கத்தில். மாசி மாதம், மழை ஓய்ந்து நிலம் காய்ந்திருந்தது. கயிற்றுப்பாய் விரித்த ஆடுகளம். அதில் பந்து முழங்காலுக்கு வரும் என்று நினைத்தால் நெஞ்சுக்கு வரும். கோட்டைப் பக்கமிருந்து வந்த நான்கைந்து மான்கள் எல்லைக் கோட்டுக்குள் நின்றதால் ஆட்டம் கொஞ்சம் பிந்தித்தான் தொடங்கியது.

ஜுனைதீன் முதல் ஆளாக இறங்கினார். பத்தொன்பது வயது. மெலிந்த, உயரமான உடம்பு. கல்லூரியில் அதுதான் அவருக்குக் கடைசி வருடம் என்று ஸ்கோர் எழுதுபவர் சொன்னார்.

முதல் ஓவரிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யாழ்ப்பாண அணியில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். மற்றவர்கள் அவருடைய பந்து கையை விட்டதுமே காலைத் தூக்கிக்கொண்டு ஓட நினைத்தார்கள். ஜுனைதீன் தலையை அசைக்காமல் நின்றார். பந்தை முடிந்தவரை பிந்தி ஆடினார். இனி விக்கெட்தான் போகப்போகிறது என்று நாம் நினைக்கும் அந்தக் கணத்தில் மணிக்கட்டு ஒருமுறை திரும்பும். பந்து களத்தடுப்பாளர் இருவருக்கு நடுவால் எல்லைக்குப் போய்விடும். அடித்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்காது. ஒருமுறை பந்து எழும்பித் தோளில் பட்டது. தோளைத் தடவவில்லை, வீச்சாளரை முறைக்கவும் இல்லை. பாயின் விளிம்பைத் துடுப்பால் இரண்டு தரம் தட்டிவிட்டு மறுபடி நின்றார். அடுத்த பந்தை அதே இடத்திலிருந்து நான்குக்கு அனுப்பினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது அவர் ஐம்பத்தெட்டு.

மரத்தடியில் எல்லாரும் வட்டமாக இருந்து சாப்பிட்டார்கள். ஜுனைதீன் அங்கே இல்லை. தூரத்தில், இன்னொரு மரத்தின் கீழ், முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு தனியே படுத்திருந்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்து, மனதில் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கியது வேறு ஒரு ஆள் போலிருந்தது. கால் நகரவில்லை. இரண்டு ஓட்டம் எடுக்கக்கூடிய இடத்தில் ஒன்று எடுத்துவிட்டுத் துடுப்பில் சாய்ந்து நின்றார். இடையில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எல்லாரும் வாளியைச் சுற்றிக் கூடினார்கள். ஜுனைதீன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஒதுங்கிப் போய்க் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கிளாஸைக் கொண்டுபோன ஆளிடம் கையை அசைத்து வேண்டாம் என்றார்.

எழுபத்தொன்றில் ரன் அவுட். பந்தை ஆழத்துக்கு அடித்துவிட்டு மற்றவரை ஓடச் சொன்னார். இரண்டாவது ஓட்டத்துக்குத் தானே திரும்பிப் பாதி வழியில் நின்றுவிட்டார். மற்றவர் ஓடி வந்துவிட்டதால், விக்கெட்டை விட்டுக்கொடுத்துவிட்டு ஜுனைதீன் நடந்து வெளியே போனார். களத்தடுப்பிலும் அப்படித்தான். பக்கத்தால் போன பந்துக்கு இரண்டு தரம் குனியவேயில்லை. கடைசி மணித்தியாலத்தில் எல்லைக் கோட்டில் குந்தியிருந்தார்.

'காலையில கொஞ்சம் கைதட்டு விழுந்ததும் ஆளுக்குத் தலைக்கு ஏறிட்டுது' என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்து சைக்கிளில் வரும்போது பள்ளிவாசல் ஒழுங்கையில் தெரிந்த ஒரு கடைக்காரர் என்னை மறித்தார். நோன்பு திறக்கிற நேரம். "வாங்க கிளாக்கர், கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்று ஒரு கோப்பையை நீட்டினார். நின்றபடியே குடித்தேன். நல்ல சூடு, இஞ்சி வாசம். "மட்ச் என்னண்டு போச்சு?" என்று கேட்டார். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் கஞ்சிக் கோப்பையை நான் மறைக்கவில்லை. அந்த மாதம் என்ன மாதம் என்று தெரியாத ஆளல்ல நான். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன். கையில் நோன்புக் கஞ்சியை வைத்துக்கொண்டு, அன்று பகல் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று யோசிக்காமல் நின்றவன்.

3. படிவம்

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு மேசையில் இருந்து ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் சாரம் இதுதான்.

கண்: மிக நன்று. கால்: நன்று, களைக்கும்வரை. மணிக்கட்டு: இந்த ஊரில் நான் கண்டவர்களுள் முதலாவது. ஓட்டம்: சோம்பல். களத்தடுப்பு: அக்கறை இல்லை. உடல்வலு: போதாது, பாதி நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கமாட்டார். சுபாவம்: குழுவோடு ஒட்டாதவர். மற்றவர்களுடன் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ மாட்டார். தன்னைப் பெரிதாக நினைப்பவர் போலத் தெரிகிறது.

கடைசி வசனத்தை எழுதியபோது 'நல்ல அவதானிப்பு' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஓட்டத்தை எவனும் எண்ணுவான், சுபாவத்தைக் கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும் என்ற எண்ணம்.

திங்கட்கிழமை மனேஜரிடம் கொடுத்தேன். அன்றைய தபால் ரயிலில் அது கொழும்புக்குப் போய்விட்டது.

4. காசிம் தண்டையல்

லைட்டரை நடத்துகிறவரைத் தண்டையல் என்போம். எங்கள் கொம்பனியில் மூத்த தண்டையல் காசிம், கிண்ணியாக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். அவருடைய லைட்டரில் பெட்டிக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. அதனால் எனக்கு அவரில் நல்ல விருப்பம்.

செவ்வாய்க்கிழமை காலை படகுத்துறை ஜெட்டியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தபோது காசிம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கிளாக்கர் ஐயா, சனிக்கிழமை எங்கட ஜுனைதீன்ட ஆட்டம் பாக்கப் போனீங்களாமே?"

"உங்கட ஜுனைதீனோ?"

"என்ட தங்கச்சிட மகன், ஐயா. நான் மாமன். கொம்பனிக்கு ஆள் எடுக்கிற கதையும் கேள்விப்பட்டன். உங்களுக்கிட்ட முன்னமே சொல்லல்ல, சிபாரிசு கேக்கிற மாதிரிப் போயிடும் எண்டு." சிரித்தார். "எழுபத்தொண்டாமே! பச்சத் தண்ணி பல்லுல படாம, நோன்போட. கிரிக்கெட் மாஸ்டர் சொன்னவராம், இண்டைக்கு ஒரு நாளைக்கு விடன்டா, கொழும்புக் கொம்பனிக்குப் பாக்க ஆள் வாறாங்க எண்டு. இவன் ஏலாது எண்டுட்டான். காலையிலயே களைக்க முந்தி அடிச்சிடுவன் மாமா எண்டு என்னட்டச் சொல்லிட்டுத்தான் போனவன்."

என் கையில் பென்சில் நின்றுவிட்டது. இரண்டு பெட்டி கோடு விழாமல் லைட்டருக்குள் போய்விட்டன. இருபது வருட வேலையில் அப்படி நடந்தது அன்றுதான். காசிமே பார்த்து, "ஐயா, ரெண்டு விட்டுட்டீங்க" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நல்லா எழுதினீங்களா, ஐயா?"

"ஓம். நல்லாத்தான் எழுதினனான்."

இந்தப் பொய்யை யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. காசிம் என் தோளில் கை வைத்தார். அதற்கு முன் ஒருநாளும் அவர் அப்படித் தொட்டுப் பேசியதில்லை.

5. வெள்ளிக்கிழமைவரை

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் தெரிவுக்குழு கொழும்பில் கூடுவது வெள்ளிக்கிழமை பின்னேரம். எனக்கு மூன்று நாளுக்கு மேல் இருந்தது. மனேஜரின் மேசையில் தொலைபேசி இருந்தது. கொழும்புக்கு ட்ரங் கோல் எடுத்து, "அந்த ஆள் நோன்போடு விளையாடியிருக்கிறார், றிப்போட்டில் பாதி பிழை, இன்னொருக்காப் பாருங்கோ" என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்கமாட்டார்கள். கொஞ்சம் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை துணிந்து மனேஜரின் அறைக் கதவைத் தட்டினேன். நான் வாயைத் திறக்க முதல் அவர் திறந்தார்.

"வாரும், வாரும். உம்மைக் கூப்பிடத்தான் இருந்தனான். கொழும்பில இருந்து கதைச்சவை. உம்மட றிப்போட் அவைக்கு நல்லாப் பிடிச்சுப்போட்டுது. இப்பிடி ஆளின்ரை குணம் வரைக்கும் ஒருத்தரும் எழுதினதில்லையாம். வாற வருசம் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் நீர்தான் போய்ப் பாக்க வேணுமாம். றெயில் வாறண்ட் தருவினம்."

நான் நின்றேன்.

"ஏதோ சொல்ல வந்தனீரோ?"

"இல்லை சேர். லைட்டர் ஒண்டு பிந்துது. அதைச் சொல்லத்தான்."

லைட்டர் ஒன்றும் பிந்தவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், கொம்பனிச் செலவில் பயணம் போக ரயில் வாறண்ட் கிடைக்கப்போகும் விஷயத்தைச் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். மற்ற விஷயத்தைச் சொல்லவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வந்தால் ஜெட்டியில் காசிமின் முகம். மனது கேட்கவில்லை. இருந்து கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்தக் கடிதம்தான் என்னை இன்றுவரைக்கும் அதிகமாகக் குத்துவது. பேசாமல் விட்டிருந்தால் பயந்தவன் என்று மட்டும் சொல்லலாம். நான் எழுதியது இது: "மேற்படி துடுப்பாட்டக்காரர் அன்று முழு உடல்நலத்துடன் இருந்திருக்கவில்லை எனப் பின்னர் அறிகிறேன். விரும்பினால் அடுத்த வருடம் மீண்டும் பார்க்கலாம்."

அடுத்த வருடம் அவர் கல்லூரியில் இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கல்லூரியை விட்டு வெளியேறும் வருடத்தில் மட்டுமே கொம்பனி ஆள் எடுக்கும் என்பதும் தெரியும். நோன்பு என்ற சொல்லை எழுதவில்லை. எழுதினால், திருகோணமலையில் இருந்துகொண்டு அதை ஏன் அன்றே கவனிக்கவில்லை என்று கேட்பார்கள். என் மனச்சாட்சிக்கு ஒரு கடுதாசி வேண்டியிருந்தது. அதை எழுதினேன். ஜுனைதீனுக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

உத்தியோகம் தெற்கில் ஒரு கல்லூரியைச் சேர்ந்தவருக்குப் போனது.

இரண்டு கிழமை கழித்துக் காசிம் ஜெட்டியில் சொன்னார். "கிடைக்கல்லையாம், ஐயா. உடம்பில பெலன் காணாதாம். மாஸ்டருக்குப் போனில சொல்லியிருக்கிறாங்க. நோன்பு பிடிச்சதாலதான் போச்சு எண்டு மாஸ்டர் பொடியனை நல்லா ஏசிட்டாராம்." பிறகு என்னைத் தேற்றுகிறவர் போல, "நீங்க நல்லாத்தான் எழுதினீங்க. கொழும்புக்காரன்ட முடிவு. நாம என்ன செய்யிற?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

காசிம் அதற்குப் பிறகு எட்டு வருடம் என்னோடு வேலை செய்தார். ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் ஒருநாளாவது எனக்கென்று தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். குடித்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரே.

6. நான் பெயர் எடுத்த கதை

அடுத்த வருடம் ரயில் வாறண்ட் வந்தது. யாழ்ப்பாணம் போனேன், மட்டக்களப்பு போனேன். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. காரணம், நான் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தேன். ஒரு ஆட்டக்காரர் மெதுவாக ஓடினால் உடனே மாஸ்டரிடம் போவேன். காலில் காயமோ, காய்ச்சலில் எழும்பினவரோ, காலையில் என்ன சாப்பிட்டார், எத்தனை மைல் நடந்து வந்தார் என்று கேட்பேன். மட்டக்களப்பில் ஒருவர் பந்தைக் கண்டு முகத்தைச் சுழித்துக்கொண்டே இருந்தார். பயம் என்று மற்றவர்கள் எழுதினார்கள். நான் கேட்டுப் பார்த்ததில் அவருக்குக் கிட்டப் பார்வை, கண்ணாடி உடைந்துவிட்டது என்று தெரிந்தது. இன்னொரு நாள் கண்ணாடியோடு பார்த்தேன். அவரை எடுத்தோம். கொழும்பில் ஏழு வருடம் விளையாடினார்.

"சிவலிங்கம் பாத்தால் சரியாத்தான் இருக்கும்" என்று தலைமை அலுவலகத்தில் சொல்வார்களாம். இந்தக் கவனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் கற்றுக்கொண்டதற்கு ஜுனைதீன் விலை கொடுத்தார். பெயர் எனக்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். அந்தச் சனிக்கிழமை களைத்து நின்றவர் எங்கள் ஒழுங்கைப் பொடியன், என் சொந்தக்காரன், எங்கள் கோயிலுக்கு வருகிறவன் என்றால் நான் மரத்தடிக்கு எழுந்து போயிருப்பேன். "என்ன தம்பி, சுகமில்லையோ?" என்று கேட்டிருப்பேன். அவர் கிண்ணியா முஸ்லிம் என்பதற்காக நான் அவரை வெறுக்கவில்லை. என்றாலும் எழுந்து போகவில்லை. வெறுப்பு இல்லாமலும் ஒருவனுக்கு இப்படிச் செய்யலாம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

7. புல்மோட்டை

காசிம் காலமாகிச் சில வருடங்களுக்குப் பிறகு, எழுபதுகளின் கடைசியில், ஒரு கப்பலின் பத்திர வேலையாகப் புல்மோட்டைக்குப் போக வேண்டி வந்தது. கடற்கரைக் கறுப்பு மண்ணை அங்கிருந்துதான் கப்பலுக்கு ஏற்றுவார்கள். நான் அப்போது மூத்த கிளாக்கர். பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போய் இறங்கி, தகரக் கூரை போட்ட டைம்கீப்பர் அறைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பினார். உயரமான ஆள். காதோரம் நரை.

"கதிரையில இரிங்க, சேர். உங்கள எனக்குத் தெரியும். காசிம் மாமாட ஒபீஸ் கிளாக்கர். மாமாட மௌத்துக்கும் வந்தீங்க."

ஓம், அந்த மரணவீட்டுக்குப் போயிருந்தேன். கூட்டத்துக்குள் ஜுனைதீனைக் கண்டு, வேறு பக்கத்தால் வெளியே வந்திருந்தேன்.

கப்பல் பத்திரங்களை அவர் சரிபார்த்துத் தந்தார். பால் விடாத பிளேன்டி வந்தது. எழும்பிப் போயிருக்கலாம். போகாமல் கேட்டேன்.

"இப்ப விளையாடிறதில்லையோ, தம்பி?"

"விட்டுட்டன் சேர். அந்த வருசத்தோட. உடம்பு தாங்காது எண்டு கொழும்பில சொல்லிட்டாங்க. நானும் அப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சிட்டன். இஞ்ச பொடியங்க கூப்பிடுவாங்க. போறல்ல."

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவராகவே தொடர்ந்தார்.

"மாஸ்டர் என்ட நோன்பைத்தான் ஏசினார். வாப்பா சொன்னார், அல்லாவுக்காகப் போனது, கவலப்படாத எண்டு. ரெண்டு பேருக்கும் நடுவில நான். ஒவ்வொரு நோன்புக்கும் ஒருக்கா யோசிச்சிடுவன், சேர், அண்டைக்கு ஒரு நாள் விட்டிருந்தா என்ன எண்டு. அப்பிடி நினைச்சதுக்கு அல்லாட்ட மன்னிப்புக் கேப்பன். அடுத்த வருசம் திரும்பியும் நினைப்பன்."

அதற்கு மேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"தம்பி, உங்கட நோன்பில ஒரு பிழையும் இல்லை. அந்த றிப்போட்டை எழுதினது நான். உடம்பில பெலன் இல்லை எண்டு எழுதினது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க நோன்பு எண்டு தெரியாமத்தான் எழுதினனான். ஆனா செவ்வாய்க்கிழமையே தெரிய வந்திட்டுது. உங்கட மாமாதான் சொன்னவர். வெள்ளிக்கிழமை மட்டும் திருத்த நேரம் இருந்தது. என்ரை பேர் கெட்டுப்போயிடும் எண்டு திருத்தேல்லை."

வெளியே மண் ஏற்றும் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் வந்து ஜன்னலால் ஒரு சீட்டை நீட்டினார். ஜுனைதீன் அதை வாங்கி, நேரத்தைப் பதிந்து, கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"நல்லம்" என்றார். நான் எழும்ப வேண்டுமோ இருக்க வேண்டுமோ என்று தெரியாமல் இருந்தேன்.

பிறகு கேட்டார். "என்ட ஆட்டத்தப் பத்தி என்ன எழுதினீங்க?"

"கண் மிக நன்று. கால் நன்று. மணிக்கட்டு, இந்த ஊரில நான் கண்ட ஆக்களுக்குள்ள முதலாவது எண்டு எழுதினனான்."

"முதலாவதா?"

"ஓம். பந்தை அவ்வளவு பிந்தி ஆடின ஒருத்தரை நான் அதுக்குப் பிறகும் காணேல்லை. எத்தினையோ கல்லூரியில பாத்திட்டன்."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். அவர் மேசையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு மனிதர், தான் பத்தொன்பது வயதில் எப்படி விளையாடினார் என்பதை அப்போதுதான் முதன்முறையாக அறிகிறார். அந்த நல்ல வசனங்களை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. 'பெலன் இல்லை' என்பதை மட்டுந்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தோம்.

"மிச்சத்தையும் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். குழுவோடு ஒட்டாதவர், மற்றவர்களோடு சாப்பிடமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார், தன்னைப் பெரிதாக நினைப்பவர். தமிழில் சொல்லும்போது அந்தச் சொற்கள் இன்னும் அசிங்கமாக இருந்தன.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தம்பி."

அவர் எழும்பித் தொப்பியை எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"அத இப்ப கேக்காதீங்க, சேர். எனக்கு ஜெட்டியில வேலை இரிக்கி" என்றார். கதவடியில் நின்று, "பஸ் மூண்டு மணிக்கு. அதை விட்டா இண்டைக்கு வேற பஸ் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணி பஸ்ஸில் வந்தேன்.

8. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஆட்களைப் பார்த்து மதிப்பெழுதுகிற வேலை விளையாட்டில் மட்டும் இல்லை. கந்தோரில், பாடசாலையில், எங்கேயும் ஒருநாள் உங்கள் கையிலும் ஒரு படிவம் வரும். நான் இரண்டு காரியம்தான் சொல்வேன்.

ஒருவர் செய்வதைக் கண்ணால் கண்டால் மட்டும் போதாது. ஏன் செய்கிறார் என்று அவரிடமே போய்க் கேளுங்கள். நான் அன்று கண்டதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவர் தனியேதான் படுத்திருந்தார், தண்ணீர் குடிக்கவில்லை, ஓடவில்லை. கண்டதெல்லாம் உண்மை. எழுதியது பொய்.

அடுத்தது, பிழை என்று தெரிந்த அன்றே திருத்துங்கள். சனிக்கிழமை நான் செய்தது தவறு. அது யாருக்கும் வரும். செவ்வாயிலிருந்து வெள்ளிவரை செய்ததற்கு நான் வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெட்கக்கேடு என்பதுதான் அதன் பெயர்.

புல்மோட்டையிலிருந்து வந்த அந்த வருடமே தலைமை அலுவலகம் என்னைத் தெரிவுக்குழுவில் சேரக் கேட்டது. ஏலாது என்று பதில் போட்டேன். காரணம் கேட்டார்கள். கண் பார்வை குறைந்துவிட்டது என்று எழுதினேன். இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் பத்திரிகை வாசிக்கிறவன் நான். அந்த இடத்திலும் உண்மையை எழுத எனக்கு மனத்தைரியம் வரவில்லை. இங்கேதான் முதன்முறை எழுதுகிறேன்.

ஜுனைதீன் இதை வாசிப்பாரோ தெரியாது. அவர் அன்று மன்னிப்பதாகச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து, கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். பதில் சொல்லாமல் அவர் வேலைக்குப் போனது சரி என்றுதான் நினைக்கிறேன்.